துபாயிலிருந்து வந்த இசைத்தட்டுப் பெட்டி

எண்பதுகளின் நடுப்பகுதியில், என் மூத்த மகளுக்குத் திருமணம் பேசி முடித்திருந்த வேளையில், தாராவியிலுள்ள எங்கள் வீட்டுக்கு இசைத்தட்டுப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. எங்களிடம் இசைத்தட்டைச் சுழற்றும் கருவி கிடையாது. ஆங்கிலப் பாட்டுக் கேட்கும் வழக்கமும் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை. அனுப்பியவர் மாப்பிள்ளையாக வரவிருந்தவர். அவர் துபாயில் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கிறார் என்பதை மட்டுமே நான் உறுதியாக அறிந்திருந்தேன். அந்தக் கடையில் என்ன விற்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ள எனக்குத் தோன்றாமற்போயிற்று.

பெட்டியைக் கொண்டுவந்தவர் எங்கள் தெருக்காரர். விடுப்பில் ஊர் திரும்பியிருந்தார்.

“மாமா, இத ஒங்க வீட்டுலதான் குடுக்கணும்னு சொல்லிவிட்டான். பிளேன்ல மேல வச்சா நசுங்கிரும்னு மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். முட்டி செத்துப்போச்சு.”

“வேற எதும் சொன்னாரா?”

“சொன்னானான்னு ஞாபகமில்ல மாமா. முட்டிக்கு ஏதாவது தைலம் இருந்தா குடுங்க.”

தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அவர் போய்விட்டார். பெட்டி எங்கள் நடுக்கூடத்தில் இருந்தது.

நான் தோல் பைகளும் பெட்டிகளும் செய்பவன். தோல் என்று சொல்லி ரெக்ஸினைத் தலையில் கட்டுபவர்களுக்கு நடுவே பட்டறை நடத்துகிறவன், எதையும் விரலால் தடவிப் பார்க்காமல் நம்புவதில்லை. சந்தேகத்தை நான் ஒரு குறையாகக் கருதியதில்லை. அது என் கருவிகளுள் ஒன்று. ஆகவே, பெட்டியைத் திறப்பதற்கு முன்பு அதைப் பலமுறை புரட்டிப் பார்த்தேன். கெட்டி அட்டையின்மேல் கறுப்புத் துணி ஒட்டியிருந்தார்கள். மூலை மடிப்புகள் பிசிறின்றி இருந்தன. மூடியின்மேல் தங்க நிறத்தில் ஆங்கில எழுத்துகள் அழுத்திப் பதிக்கப்பட்டிருந்தன. எனினும், ஒரு மூலை நசுங்கியிருந்தது. மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி எப்படி நசுங்கும்? நசுங்கலின் ஓரத்தில் துணி வெளுத்தும் இருந்தது. அது பழைய நசுங்கல். மணப்பெண்ணுக்குப் பழைய பொருளை அனுப்புகிறவர் எப்படிப்பட்டவர் என்னும் கேள்வி அங்கேயே முளைத்துவிட்டது.

“திறந்துதான் பாருங்களேன். உள்ள பாம்பா இருக்கு?” என்றாள் என் மனைவி.

திறந்தேன். உள்ளே பத்து இசைத்தட்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனி அட்டை உறையில் இருந்தன. ஒவ்வோர் உறையிலும் ஒரு கறுப்பினப் பெண்ணின் படம். முதல் உறையில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒல்லியான சிறுபெண். மற்றொன்றில் தலைமுடியைப் பெரிய உருண்டைபோல விரித்துவிட்டிருந்த இளம்பெண். வேறொன்றில் தோள் தெரிய மினுக்கும் அங்கி உடுத்தியவள். கடைசியில், நரைத்த தலையும் பருத்த உடலுமாகச் சன்னலோரம் அமர்ந்திருந்த பெண்மணி. எல்லா உறைகளிலும் மூடியில் இருந்த அதே ஆங்கில எழுத்துகள்.

எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால், எழுத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட வரும். எங்கள் பட்டறையில், கடைக்காரர் தரும் அச்சைச் சூடாக்கி, தங்கநிறத் தாளை வைத்து அழுத்தி, அவருடைய கம்பெனியின் பெயரை ஒவ்வொரு பையிலும் பதிப்போம். எல்லாச் சரக்கிலும் திரும்பத் திரும்ப வரும் பெயர் கம்பெனியின் பெயர்தான் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. ஆகவே, இது ஒரு கம்பெனி; அந்தக் கம்பெனிக்குப் பாடும் பெண்கள் பத்துப் பேர்.

“கட்டிக்கப்போற பொண்ணு வீட்டுக்குப் பத்துப் பொம்பளைங்க படத்த அனுப்புறவன் என்ன மனுஷன்?” என்றேன்.

என் மனைவி உறைகளைத் தரையில் பரப்பிப் பார்த்தாள். “பத்துப் பேரா? எல்லாம் ஒருத்திதான். சிரிக்கையில இடது கன்னத்துல மட்டும் குழி விழுது பாருங்க. கெழவிக்கும் விழுது.”

“கம்பெனிக்காரன் ஒரே சாடையில ஆள் பொறுக்கியிருப்பான்.”

“ஆமா, கன்னத்துக் குழிய அளந்து பொறுக்கியிருப்பான்.”

உறைகளுக்கு அடியில் வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு சிறு புத்தகமும் இருந்தது. அதுவரை கதவோரம் நின்றிருந்த என் மகள், “வாப்பா, நான் படிச்சுச் சொல்லட்டா?” என்று கேட்டாள். அவள் பத்தாவது வரை படித்தவள். “நீ உள்ள போ,” என்றேன். அவள் போனாள்.

என் அச்சம் வெறும் படங்களைப் பற்றியதன்று. வளைகுடாவில் வேலை என்று பெண் எடுத்துவிட்டு, அங்கே வேறொரு குடும்பமும் வைத்திருந்த ஒருவரைப் பற்றி எங்கள் தெருவில் அப்போதுதான் பேசி ஓய்ந்திருந்தார்கள். அந்தப் பெண் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த கோலத்தை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். நிக்காஹ் முடியும்வரை என் மகள் என் பொறுப்பு. அதற்குள் விலகிக்கொள்ள எனக்கு வழி இருந்தது, முடிந்தபிறகு இராது. அந்தப் பெட்டியை விளங்கிக்கொள்ளாமல் அவளைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

பட்டறையில் புழங்கும் மெழுகு நூலால் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பைக்காரர்கள் மட்டும் போடும் இறுக்க முடிச்சைப் போட்டு, பீரோவின்மேல் வைத்தேன். நூலின் வால் சுவரைப் பார்த்திருக்கும்படி வைத்தேன். ஓரிரு நாள் கழித்துப் பார்த்தபோது முடிச்சு முடிச்சாகவே இருந்தது; வால் மட்டும் வாசலைப் பார்த்திருந்தது. அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவள் வீட்டில் என் மனைவி ஒருத்திதான் என்று நினைத்தேன். அவள் பல ஆண்டுகள் எனக்குத் தையல் வேலையில் துணையாக இருந்தவள்.

“அவுத்தியா?”

“எனக்கு வேற சோலி இல்லையா? பத்துப் பேரா ஒருத்தியான்னு நான் அன்னைக்கே பாத்தாச்சு,” என்றாள்.

நான் நம்பவில்லை.

மாட்டுங்காவில் எனக்கு நீண்ட காலப் பழக்கமுள்ள ஒரு பெரியவர் இருந்தார். அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தம் தோல்பையின் கைப்பிடி அறும்போதெல்லாம் என்னிடமே வருவார். அவர் வீட்டில் இசைத்தட்டுக் கருவி இருந்தது. பெட்டியை ரெக்ஸின் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தே போனேன்.

“வாங்கோ பாய். என்ன, பொட்டியோட வரேள்? நான் ஒண்ணும் ஆர்டர் பண்ணலையே.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூடியைப் பார்த்தார். உறைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“பத்துப் பேர்னு யார் சொன்னா? ஒருத்திதான் பாய். பெரிய பாடகி. இவா பாடறதுக்கு ஸோல் மியூசிக்னு பேர், கறுப்பின ஜனங்களோட பாட்டு. ஆரம்பத்துலேர்ந்து இன்னிவரைக்கும் பாடினதெல்லாம் சேத்து ஒரே பொட்டியாப் போட்டிருக்கான். பேர்தான் ஒவ்வொண்ணுலயும் கொட்டை எழுத்துல இருக்கே.”

“அது கம்பெனி பேரு இல்லையா?”

“கம்பெனி பேர் இதோ, மூலையில பொடியா இருக்கு. உங்க பைக்குத்தான் பாய், கம்பெனி பேர் பெரிசு.”

முதல் தட்டையும் கடைசித் தட்டையும் போடச் சொன்னேன். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும், கவனித்துக் கேட்டேன். சிறுபெண்ணின் குரல் வாத்தியங்களை முந்திக்கொண்டு ஓடியது. மேளம் வந்து சேர்வதற்குள் அவள் வரியை முடித்துவிட்டிருந்தாள். நரைத்தவளின் குரல் தாழ்ந்து, சற்றே கரகரத்து ஒலித்தது. ஓரிடத்தில் பாடாமல் நின்றாள். வாத்தியங்கள் அவளைக் கடந்து போயின. தட்டில் கோளாறு என்று எண்ணி நான் பெரியவரைப் பார்த்தேன். அதற்குள் அவள், எவரும் அழைக்காத ஒரு நொடியில், மிச்சமிருந்த சொல்லைச் சொன்னாள். அதைப் பெரியவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் அதைப் பற்றி எவரிடமும் பேசவில்லை.

“உம்ம மாப்பிள்ளைக்கு ரசனை இருக்கு பாய்,” என்று சொல்லி அவர் என்னை வழியனுப்பினார்.

ரசனை இருந்துவிட்டுப் போகட்டும். தாராவிக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கலக்கம் கூடியதேயன்றிக் குறையவில்லை. பத்துப் பெண்கள் என்றால் அது ஒரு வாலிபனின் விளையாட்டு என்று தள்ளிவிடலாம். ஒரே பெண்ணை இளமை முதல் நரை விழும் வரை ஒருவர் சேர்த்து வைத்திருக்கிறார் என்றால், அது பற்று. அவளுடைய நிறத்திலோ முகத்திலோ அவருக்கு வேறு யாருடைய நினைவேனும் இருக்கக்கூடும் அல்லவா?

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, “நான் சொன்னா ஏத்துக்கிட மாட்டிய. மாட்டுங்கா அய்யரு சொன்னாத்தான் கன்னத்துல குழி விழும்,” என்றாள்.

அடுப்பருகே இருந்த என் மகள், “மொதல்ல சர்ச்சுலதான் பாடிக்கிட்டு இருந்தாங்களாம்,” என்றாள். நான் அப்போது என் கவலையில் இருந்தேன். ‘ம்’ என்றதோடு சரி.

மழை தொடங்கிய பிறகு மாப்பிள்ளை விடுப்பில் வந்தார். மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, பெட்டியை நடுவில் வைத்தேன்.

“மாப்ள, இந்தப் பொம்பள யாரு?”

“பாட்டுக்காரி மாமா.”

“அது தெரியுது. ஒங்களுக்கு யாரு?”

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். “எனக்கு யாருமில்ல மாமா. அவங்களுக்கு எங்க உம்மா வயசு.”

“பின்ன எதுக்கு எம் மகளுக்கு அனுப்பினிய?”

“மகளுக்கா? இல்ல மாமா. பத்திரமா வச்சிருக்கச் சொல்லுன்னு சொல்லித்தான் குடுத்துவிட்டேன். அந்த ஆளு சொல்லலையா?”

“முட்டியப் பத்தித்தான் சொன்னாரு.”

உள்ளறையில் யாரோ சிரிப்பை அடக்கும் ஓசை கேட்டது. அவர் விவரம் சொன்னார். அந்தக் கடையில் அவர் இருந்தது இசைத்தட்டுப் பிரிவாம். கேசட் பெருகியபிறகு முதலாளி அந்தப் பிரிவையே எடுத்துவிட்டாராம். மூலை நசுங்கிய பெட்டி விற்காது என்று இவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

“சரி, ஒங்க வீட்டுக்கு அனுப்பாம எங்க வீட்டுக்கு ஏன்?”

“செம்பூர்ல எங்க கூரை ஒழுகும் மாமா. இந்த அட்டை ஒரு மழைக்குத் தாங்காது. பெட்டியப் பத்தித் தெரிஞ்ச வீடு ஒங்க வீடுதான?”

இப்படி நயமாகப் பேசுகிறவர்கள் கொண்டுவரும் தோலைத்தான் நான் இருமுறை தடவிப் பார்ப்பது. ஆகவே, அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

“என்ன பாடுறா இவ? சொல்லுங்க கேப்போம்.”

“பாதி புரியாது மாமா. கடையில நாள் பூரா ஸ்பீக்கர்ல ஓடும். கேட்டுக் கேட்டுப் பழகிட்டு.”

“புரியாததுல அப்படி என்னத்தக் கண்டிய?”

அவர் பெட்டியின் நசுங்கிய மூலையைக் கட்டைவிரலால் நிமிர்த்திக்கொண்டே யோசித்தார்.

“மொத தட்டுல ரொம்ப அவசரப்படுவாங்க மாமா. லோக்கல் ட்ரெயின் புடிக்கப் போற மாதிரி. மேளக்காரன் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவாங்க. கடைசித் தட்டுல அந்த அவசரம் இருக்காது. இந்த வண்டி போனா போகட்டும்னு நிப்பாங்க. நின்னு, அப்புறம் சொல்லுவாங்க. அது எனக்குப் புடிக்கும்.”

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மாட்டுங்காவில் என் காதில் மட்டும் விழுந்தது என்று நான் எண்ணியிருந்ததை அவர் சொல்லிவிட்டார். அது உறையைப் பார்த்துச் சொல்லக்கூடியதன்று. உட்கார்ந்து கேட்டவர்தான் சொல்ல முடியும். அந்தப் பெட்டி, அவர் என்ன என்று சொன்னாரோ அதுவேதான் என்பது எனக்குத் தெளிவாயிற்று.

எனினும், கூரை விஷயம் மிச்சமிருந்தது. மறுநாள் நல்ல மழை. செம்பூரில் வேலை இருப்பதாகச் சொல்லிப் பேருந்து ஏறி, மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றேன். சம்பந்தியம்மாள் பதறிப்போய் உள்ளே அழைத்தார். நாற்காலியில் அமர்ந்து மேலே பார்த்தேன். கூரை ஒழுகியது. இரண்டிடங்களில் வாளி வைத்திருந்தார்கள். மூன்றாவது இடத்தில் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

“சட்டை நனையுதே, இங்கிட்டு நகந்து உக்காருங்க,” என்றார் சம்பந்தியம்மாள்.

“இருக்கட்டும்மா,” என்றேன். எனக்கு அந்த ஈரம் ஒரு சான்றாகவே பட்டது.

நிக்காஹ் நாளன்று, எங்கள் வழக்கப்படி, இரு சாட்சிகளுடன் மகளின் சம்மதத்தைக் கேட்க உள்ளறைக்குப் போனேன். சொல்ல வேண்டிய சொற்களை மனப்பாடம் செய்திருந்தேன். கடைசி நொடி வரையில் என் மனத்தின் ஒரு பாதி பின்வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் தயங்கினால், தலை குனிந்து ஒரு கணம் பேசாதிருந்தால், அதையே காரணமாக வைத்து இன்னும் சில நாள் விசாரிக்கலாம் என்றுகூட எண்ணியிருந்தேன். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவருடைய தகப்பனார் பெயரைச் சொல்லி, மஹர்த் தொகையின் விவரத்துக்கு வந்துகொண்டிருந்தேன்.

“சம்மதம் வாப்பா,” என்றாள்.

நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை. சாட்சிகளில் ஒருவர் தொண்டையைச் செருமி, “கேள்வி முடியட்டும்மா,” என்றார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் முறையும் அவள் எனக்கு முன்பே முடித்துவிட்டாள்.

நேரில் பார்த்துப் பேசியிராத ஒருவரிடம் இவளுக்கு இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்னும் சந்தேகத்துடன்தான் அறையைவிட்டு வெளியேறினேன். அப்போது, அவள் அடுப்பருகே சொன்ன சர்ச்சு விஷயம் நினைவுக்கு வந்தது. மாட்டுங்காப் பெரியவர் எனக்கு அதைச் சொல்லவில்லை. அது பெட்டிக்குள் உறைகளுக்கு அடியில் கிடந்த அந்தச் சிறு ஆங்கிலப் புத்தகத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

பீரோவின்மேல் பெட்டி கட்டியபடியே இருந்தது. முடிச்சை அவிழ்த்தது யார் என்று அதன்பிறகு நான் என் மனைவியைக் கேட்கவில்லை.