என் உடம்பில் அண்ணன்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. அப்போது நான் ஹேடோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஈறு கசிந்தது, தொட்ட இடமெல்லாம் கன்றியது. போர்ட் பிளேர் டாக்டர் என்னை மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றிவிட்டார். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இளம் டாக்டர் ஒருவர், இதுவரை என்னென்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். கொசு மருந்து அடித்தது, லாரி கிளீனர், பெயிண்டர், மரம் வெட்டும் முகாமில் சமையல் என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் பேனாவை மூடிவிட்டார்.

கூடப் பிறந்தவரின் எலும்பு மஜ்ஜையை எடுத்து எனக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்றார். 'பார்க்கலாம்' என்ற சொல்லை நான் கவனிக்காமல் இல்லை. பிழைத்தால் அவருக்குப் பெயர், செத்தால் அவருக்கு அனுபவம். எனக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் பயன்படும் என்பதால் சரி என்றேன்.

கூடப் பிறந்தவர் என்று இருந்தது ஓர் அண்ணன். போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். இருவரும் ஒரே கப்பலில் தீவுக்கு வந்தவர்கள். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்தார், நான் எங்கும் உட்காரவில்லை. இந்த வித்தியாசத்தை அவர் எனக்கு ஞாபகப்படுத்தாத பண்டிகை கிடையாது. ஆனால் தந்தி கிடைத்ததும் அடுத்த கப்பலில் வந்துவிட்டார். அதை மறைக்கக் கூடாது.

என்னிடம் மிச்சமிருந்த மஜ்ஜையை முதலில் மருந்து கொடுத்து அழித்தார்கள். பிறகு அண்ணனை மயக்கி, இடுப்பெலும்பில் ஊசி குத்தி உறிஞ்சினார்கள். அது சாதாரண ரத்தம் போலவே பாட்டிலில் தொங்கி என் நரம்பில் இறங்கியது. பெரிய வெட்டும் தையலும் எதிர்பார்த்திருந்த அண்ணன், இடுப்பைத் தடவிக்கொண்டே "இவ்வளவுதானா?" என்றார். ஊரில் காட்டுவதற்குத் தழும்புகூட இல்லையே என்ற குறை அவருக்கு.

புது ரத்தம் ஊறத் தொடங்கியது. டாக்டர் எல்லோரையும் கூட்டிவந்து என்னைக் காட்டினார். மூன்றாவது வாரம் உள்ளங்கை சிவந்து, சுட்ட கத்தரிக்காய் போலத் தோல் உரிந்தது. வாயெல்லாம் புண். வயிறு ஓயாமல் போனது.

"உங்க அண்ணன் ரத்தம் உங்க உடம்பை வேத்து ஆள் உடம்புன்னு நினைச்சு அடிக்குது" என்றார் டாக்டர்.

எனக்கு ஆச்சரியமாக இல்லை. அண்ணன் பல வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ரத்தத்துக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

அடங்குவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று எச்சரித்து, நிறைய மாத்திரையோடு தீவுக்கு அனுப்பினார்கள். அண்ணன் வீட்டில்தான் தங்கினேன். அந்த மாத்திரையில் முகம் பூசணிக்காயாக ஊதும். அண்ணன் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். மஜ்ஜை போன இடத்தில் மஜ்ஜை சேரட்டும் என்று தினமும் ஆட்டெலும்பு சூப் வைக்கச் சொல்லி எனக்கு ஒரு கிண்ணமும் தனக்கு இரண்டும் ஊற்றிக்கொண்டார். என்னைக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"அரே பாயி, ஏக்தம் மோட்டா ஹோ கயா" என்று வங்காளி வாடிக்கையாளர்கள் என் பருமனைப் பாராட்டினார்கள்.

"மேரா கூன் ஹை" என்பார் அண்ணன், தன் ரத்தம் என்று நெஞ்சில் தட்டிக்கொண்டு.

இரண்டாம் மாதம் பரிசோதனைக்காக என்னோடு பெர்ரிப் படகில் போர்ட் பிளேருக்கு வந்தார். அங்கிருந்த டாக்டர் தமிழர், வயதானவர், யாரையும் தடவிக்கொடுத்துப் பேசத் தெரியாதவர்.

"இந்த மாத்திரை எதுக்கு டாக்டர்? ரத்தம் ஊறவா?" என்று அண்ணன் கேட்டார்.

"உன் ரத்தம்தான்யா இவனைத் தின்னுது. அதை அடக்க."

திரும்பும் பெர்ரியில் அண்ணன் கடலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாத்திரை பாட்டிலைக் கடை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"என் ரத்தத்தை அடக்க மருந்தாடா? அது நம்ம அப்பா ரத்தம். ஒரு வாரம் மாத்திரை இல்லாம இரு. யார் யாரத் தின்னுறாங்கன்னு பாத்துருவோம்."

நானும் யோக்கியன் இல்லை. பூசணிக்காய் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து அலுத்திருந்தேன். டாக்டர் சொன்ன ஆபத்து ஞாபகம் இருந்தும் "சரிண்ணே" என்றேன். இரண்டு முட்டாள்கள் சேர்ந்து எடுத்த முடிவு அது. எங்களுக்குள் கருத்து வேறுபாடே வராத ஒரே சந்தர்ப்பமும் அதுதான்.

ஆறாம் நாள் தோல் பாயில் ஒட்டிக்கொண்டு வந்தது. கண் மஞ்சளாகியது. தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை.

"ஏங்க, சாவியக் குடுங்க" என்றாள் அண்ணி.

"ஒரு வாரம் ஆகல இன்னும்."

"உங்க ரத்தத்துக்குக் குடுத்த மரியாதை போதும். அந்த மனுசன் பொழைக்கட்டும்."

அண்ணன் சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அண்ணி இரண்டு பேரைப் பிடித்து என்னைப் பெர்ரியில் ஏற்றிப் போர்ட் பிளேருக்குக் கூட்டிப்போனாள். நடந்ததைக் கேட்ட டாக்டர் என்னைத் திட்டவில்லை. அந்த மாத்திரை ஆஸ்பத்திரியில் தீர்ந்துவிட்டது, அடுத்த கப்பல் எப்போது வரும் என்று தெரியாது, நாளைக்குள் மருந்து உள்ளே போகாவிட்டால் கஷ்டம் என்று மட்டும் சொன்னார். அதாவது என் உயிர் பாம்பூஃப்ளாட்டில், மளிகைக் கடை இழுப்பறையில் இருந்தது.

"பூட்ட உடைச்சாவது எடுத்துட்டு வர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணி அடுத்த பெர்ரியைப் பிடிக்க ஓடினாள்.

மத்தியானம் அண்ணி திரும்பியபோது அவள் பின்னால் அண்ணன் நின்றார். பாட்டில் அவர் கையில் இருந்தது. பூட்டு உடைந்ததா திறந்ததா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உரிந்த என் கையையும் மஞ்சள் கண்ணையும் வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை குடுக்கணும்?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"எட்டு. பொடி பண்ணித் தண்ணில கரைச்சுக் குடு."

"எட்டா?"

"எட்டுக்கு அடங்குதான்னு பாப்போம். இல்லேன்னா இன்னும் ஏத்தணும்."

அண்ணன் மாத்திரைகளை டம்ளரில் போட்டுக் கரண்டிக் காம்பால் நசுக்கினார். தண்ணீர் ஊற்றிக் கலக்கி என் வாயருகே கொண்டுவந்தார்.

"எட்டுக்கும் அடங்காதாம்டா" என்றார் மெதுவாக. பயந்துதான் சொன்னார். ஆனால் அந்தப் பயத்திலும் கொஞ்சம் பெருமை இருந்தது.

நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.