இருபது டிகிரிக் காற்று

என் அண்ணன் விஜயராஜுக்குக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை. அவனுக்கு வாக்கப்பட்டு வந்தபோது எங்கள் மைனி சுதாராணி காலேஜில் கணிதம் இரண்டாம் வருஷம். படிப்பு அத்தோடு நின்றது. பிள்ளைகள் இரண்டும் விடுதிக்குப் போனபிறகு, மைனி விட்ட படிப்பைத் தபால்வழியில் பிடித்தார். எல்லாப் பேப்பரும் முடிந்தது. ஒன்றுதான் மல்லுக்கு நின்றது: வகைக்கெழுச் சமன்பாடுகள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டும். அதில் இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று.

மைனி ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை பார்த்தார். இந்தத் தடவை பாஸானால் ஜூனிலிருந்து ஆறாம் வகுப்புக் கணக்கு அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். போர்டு முன்னால் சாக்பீஸோடு நிற்பது மைனிக்குச் சின்ன வயது ஆசை.

"அப்படி என்னதான் மைனி இருக்கு அதுல?" என்று கேட்டேன்.

"பாகு என்ன வேகத்துல ஆறுதுன்னு தெரிஞ்சா, எப்போ வெட்டுத பதத்துக்கு வரும்னு சொல்லிரலாம் தம்பி. அம்புட்டுதான்."

"அம்புட்டுக்கா ரெண்டு தடவை பெயிலானிய?"

கையிலிருந்த கடலையை என் மேல் விட்டெறிந்தார்.

ஏப்ரலில் வினை ஆரம்பித்தது. புத்தகத்தில் ஒரு கணக்கு. காற்று இருபது டிகிரி, வெந்நீர் நூறு டிகிரி, பத்து நிமிஷத்தில் அறுபதுக்கு வருகிறது என்றால், முப்பதுக்கு ஆற எவ்வளவு நேரம் ஆகும்? மைனி அதைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். டம்ளரில் வெந்நீர் ஊற்றி மூடி, பாகுக்கு வைத்திருந்த தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்தார். மாடிக்குக் கூரை சிமெண்ட் ஷீட். தண்ணீர் முப்பத்தெட்டுக்கு வந்து சண்டித்தனம் பண்ணியது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

"புஸ்தகக்காரன் ஊட்டியில இருந்து எழுதியிருப்பான்," என்றான் அண்ணன்.

மைனிக்குக் கோபம் வந்துவிட்டது. புத்தகத்தில் இருபது என்று கண்ட இடமெல்லாம் அடித்து முப்பத்தெட்டு என்று எழுதினார். முப்பதை ஐம்பதாக்கினார். அதன்பிறகு கணக்கு ஓடியது பாருங்கள், அப்படி ஓடியது. சோறு வடிக்கும்போதும் போட்டார், கடையில் மிட்டாய் கட்டும்போதும் போட்டார். எல்லாம் முப்பத்தெட்டில்.

பரீட்சை மே மாதம். அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்து பரீட்சை ஹால் வாசல் வேப்பமரத்தடியில் நின்றான். நானும் நின்றேன். உள்ளே கரண்ட் போய், ஃபேன் நின்றுவிட்டது. வினாத்தாளில் அதே கணக்கு வந்திருக்கிறது, அதே இருபது, அதே முப்பது. மைனியின் கை பழக்கதோஷத்தில் முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டது. போட்டுக்கொண்டே போனால் லாகரிதத்துக்குள் மைனஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படி ஒன்று வரவே கூடாது என்று பிளஸ் டூவோடு நின்ற எனக்கே தெரியும். மைனிக்கு அழுகை முட்டியிருக்கிறது. மூன்றாவது தடவையும் போச்சு, ஜூனும் போச்சு.

வியர்வையைத் துடைத்தபோதுதான் உறைத்ததாம். முப்பத்தெட்டில் காய்கிற ஊரில் எது முப்பதுக்கு ஆறும்? கணக்கு தப்பில்லை, காற்றுதான் தப்பு. மளமளவென்று அடித்துவிட்டு இருபதைப் போட்டு, பேப்பரைப் பிடுங்கும்போது விடையை எழுதி முடித்திருக்கிறார். அதோடு விட்டாரா? கீழே ஒரு வரி: 'எங்கள் ஊரில் இது ஆறாது.'

வெளியே வந்து மைனி இதையெல்லாம் சொல்லக் கேட்டு அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏட்டி, திருத்துதவன் கோவத்துல சுழிச்சிட்டான்னா?"

"உள்ளதைத்தானே எழுதியிருக்கேன்?" என்றார் மைனி. ஆனாலும் ரிசல்ட் வரும்வரை அவருக்கும் சோறு இறங்கவில்லை.

ரிசல்ட் வந்தபோது அண்ணன் கையெல்லாம் பாகு. போனைத் தொட முடியாமல், "ஏலே, பாருலே, பாருலே" என்று குதித்தான். பாஸ் என்று படித்தேன். அந்தக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். சட்டை நாசம். நானும் அழுதேன்.

ஜூனில் முதல்நாள் வகுப்பு எடுத்துவிட்டு மைனி சாயங்காலம் கடைக்கு வந்தார். சேலையெல்லாம் சாக்பீஸ் தூள். அண்ணன் ஓடிப்போய் டீ வாங்கி வந்து நீட்டினான். "ஆறிரும், மொதல்ல குடி."

மைனி டம்ளரை மேஜையில் வைத்தார்.

"இங்கன அது சீக்கிரம் ஆறாது. உக்காருங்க ரெண்டு பேரும். நான் போர்டுகிட்ட போனதுல இருந்து சொல்லுதேன்."