மகாபலிபுரக் கரையில் மணிலா ஐஸ்

மாசி மகத்தன்று காலை ஆறரை மணிக்குச் செங்கற்பட்டில் பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும். மகாபலிபுரத்துக்குப் பதினெட்டு மைல், ஆளுக்கு ஒன்பதணா. ஜன்னலோர இடத்தை நான் பிடித்துக்கொண்டதில் இவருக்கு மனத்தாங்கல். மணிலாவில் ஒரு துணிக் கம்பெனியில் மூன்று வருஷம் கணக்கெழுதிவிட்டுத் திரும்பியவர் இவர்; நானும் கூடவே இருந்தேன். அங்கே கடலையும் கப்பலையும் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று, இங்கே என்ன புதிதாய் இருக்கப் போகிறது என்பது இவர் கட்சி. என் கட்சி வேறு. மணிலாவைப் பார்த்தவள் மகாபலிபுரத்து மாசி மகத்தைப் பார்த்ததில்லை என்று நாளைக்கு எவளும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் இவர் தோளில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். கூரையின் இடுக்கு வழியாக இன்னொன்று நெற்றியிலேயே விழுந்தது. வெள்ளைச் சட்டை முழுக்க மரத்தூள் கரைந்த பழுப்புக் கறை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யோவ் கண்டக்டர், மேல இன்னாய்யா கீது? மீனா?" என்று பின்சீட்டுக்காரர் ஒருவர் கத்தினார்.

"மீன் இல்ல அண்ணாத்த, ஐஸு!" பதில் சொன்னவர் கண்டக்டர் அல்ல. கட்டம் போட்ட கைலியும் கப்பல்காரர் தொப்பியுமாகப் படியோரம் நின்றிருந்த ஒரு முப்பது வயதுக்காரர். "சார், கோச்சுக்காதீங்க. மரத்தூள்ல பொதிஞ்சி மெட்ராஸ்லேர்ந்து ரயில்ல வந்த ஐஸு. படகுல எடுத்தாந்தா கோவளம் வர்றதுக்குள்ள தண்ணிதான் மிஞ்சும். இன்னும் ஒம்பது மைலு தாங்கணுமேன்னு நானே உசிரக் கையில புடிச்சிக்கினு வர்றேன்."

"ஐஸை வைத்து என்ன செய்யப் போகிறீர்?" என்று இவர் கடுகடுத்தார்.

"சொர்பேத்தெஸ் சார். மணிலா ஐஸு. நம்மாளுங்க யாருக்கும் தெரியாது."

அவ்வளவுதான். சட்டைக் கறை, கோபம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. "எந்தத் தெருவில் கற்றீர்?" என்று இவர் நகர்ந்து இடம் கொடுத்தார். போகாத வாசகர்களுக்காக நான் சொல்கிறேன்: மணிலாவில் பிற்பகலானால் பூப்பூவாய் வர்ணம் தீட்டிய தள்ளுவண்டிகள் மணியடித்துக்கொண்டு தெருத் தெருவாய் வரும். ஒவ்வொன்றிலும் மூன்று டப்பா, மூன்று பளபளக்கும் மூடி. தேங்காய்ப்பால் ஐஸ், மாம்பழ ஐஸ், பாலாடைக்கட்டி ஐஸ் கூட உண்டு. ஒரு பன்னைப் பிளந்து நடுவே ஐஸை வைத்துக் கொடுப்பார்கள். அங்கே இருந்தவரை இவர் அதைத் தின்னாத நாள் கிடையாது.

அந்த மனிதர் பெயர் யூசுப். கோவளத்துக்காரர், எட்டு வருஷம் கப்பலில் ஓடியவர். "ரெண்டு வருசம் கழிச்சு வூட்டுக்குள்ள நொழஞ்சா என் பொண்ணு என்னைப் பாத்துட்டு வீல்னு அழுவுது சார். அன்னிக்கே போதும்னு ஆயிடிச்சி. இருந்ததெல்லாம் போட்டு வண்டி செஞ்சேன். இன்னிக்கு மூணு டப்பாவும் காலியாச்சின்னா நான் கரைக்காரன். ஒண்ணு மிஞ்சினாலும் திங்கக்கிழம மறுபடி கப்பலு. என் சம்சாரம் மரியத்துக்கு வாக்கு குடுத்துட்டுத்தான் வந்துகீறேன்." சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். சொட்டிக்கொண்டேதான் இருந்தது.

எட்டு மணி. மகாபலிபுரம். கால்வாய்ப் படகில் கோவளத்திலிருந்து வண்டியோடு முன்னதாகவே வந்து மரியம் காத்திருந்தாள். பச்சையும் சிவப்புமாய் வண்டி, கூடை நிறையப் பன், ஒரு மூட்டை கல்லுப்பு. வண்டிக்கடியில் கயிறு போட்டுக் கட்டிய இரும்புப் பெட்டி ஒன்று.

"இது எதுக்கும்மா?" என்றேன்.

"மச்சானோட கப்பல் பொட்டிக்கா. ஐஸு மிஞ்சிடிச்சின்னா இங்கேர்ந்தே மெட்ராஸ் போயிடுவேங்குது. வூட்டுக்கு வந்து பொண்ணு மூஞ்சியப் பாத்தா அப்புறம் கால் நகராதாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பெட்டியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மரத்தொட்டிக்குள் தகர டப்பாவை நிறுத்தி, சுற்றிலும் உடைத்த ஐஸும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டார் யூசுப். டப்பாவில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் எருமைப்பாலும். பிறகு டப்பாவைக் கையால் அப்படியும் இப்படியும் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் உறைந்ததைச் சட்டுவத்தால் வழித்து உள்ளே தள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமும் திருக உட்கார்ந்துவிட்டார். வீட்டில் ஒரு தேங்காய் துருவித் தந்ததில்லை இந்த மனிதர்!

ஒன்பது மணிக்குக் கரை கொள்ளாத கூட்டம். பெருமாள் கடலுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி முடிந்து சனம் மொத்தமும் ஈரத்தோடு கரையேறியது. மணலில் சேலைகளால் மறைப்புக் கட்டி இருளர் குடும்பங்கள் தங்கியிருந்தன. அங்கே ஒரு கல்யாணமும் நடந்துகொண்டிருந்தது. யூசுப் மணியடித்தார். "மணிலா ஐஸு, ஓரணா!" பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பின்னாலேயே தாய்மார்களும் ஓடி வந்து அவர்களைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள்.

"தல சொட்டச் சொட்ட நிக்குது புள்ள, ஐஸக் குடுத்தா ஜன்னி கண்டுடாது?" என்றாள் ஒரு ஈரக்கூந்தல்காரி. யூசுப் விடவில்லை. பன்னைப் பிளந்து ஐஸை வைத்து நீட்டினார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஜொரம் வர்றதுக்கு ஐஸு, வந்தப்புறம் துன்றதுக்குப் பன்னு. ரெண்டையும் நீயே விக்கிறியா? நல்ல யாவாரம்யா!"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நம் பக்கத்தில் காய்ச்சல்காரருக்குத்தானே பன் வாங்குவோம்! அதைத் திருவிழாவில் நீட்டினால் யார் தொடுவார்கள்? எட்டு வருஷக் கடல் வாழ்க்கையில் யூசுப்புக்கு அது மறந்தே போயிருந்தது. பன்னும் கையுமாக அப்படியே நின்றார்.

"வாடா, அந்தாண்ட சுக்குக் காப்பி வாங்கித் தாரேன்" என்று அந்தப் பெண் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச தூரத்தில் சுக்குக் காப்பிக்காரரைச் சனம் மொய்த்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்ற மரியம் விடுவிடுவென்று நடந்தாள். திரும்பும்போது முந்தானையில் சுக்குத்தூளும் பனைவெல்லமும்.

"ஏய், மணிலாவுல எவனாவது ஐஸுல சுக்கு போடுவானா?" என்று யூசுப் பதறினார்.

"மணிலாவா மச்சான் வந்து வாங்கப் போவுது?"

"சுவை கெட்டுவிடும்" என்றார் என் வீட்டுக்காரர், பெரிய நிபுணர் மாதிரி.

"நீங்க சும்மா இருங்க! நீ போடும்மா" என்றேன் நான்.

போட்டாள். பன் கூடையை மூடி ஓரமாய்த் தள்ளிவிட்டுப் பூவரச இலையில் ஐஸை எடுத்து வைத்தாள். நேராக அந்த ஈரக்கூந்தல்காரியிடமே போனாள். "சுக்கு போட்ட ஐஸுக்கா. நீ வாயில வச்சிப் பாரு, காசு வாணாம்."

அவள் முகத்தைச் சுளித்தபடிதான் வாயில் வைத்தாள். இலையை வழித்துவிட்டு, "ஜில்லுன்னும் கீது, தொண்டையில சுருக்குன்னும் கீது. புள்ளைக்கு ஒண்ணு குடு" என்றாள். நானும் சாப்பிட்டேன். முதலில் தேங்காய்ப்பாலின் குளுமை, விழுங்கியபின் சுக்கின் சூடு. மணிலாவில் மூன்று வருஷம் இருந்தும் இப்படி ஒன்றை நான் தின்றதில்லை, அடித்துச் சொல்வேன்.

பிறகு கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. இருளர் கல்யாணத்திலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து ஆளுக்கொரு இலை வாங்கிப் போனார்கள். முதல் டப்பா காலி. பத்தரைக்கு இரண்டாவதும் காலி. ஆனால் பதினொன்றரைக்கு வெயில் ஏறக் கூட்டம் கலைந்து பஸ்ஸைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. மூன்றாவது டப்பாவில் பாதி அப்படியே இருந்தது. தொட்டியில் ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீராகிவிட்டது. யூசுப் டப்பாவைப் பார்த்தார்; குனிந்து பெட்டியைப் பார்த்தார். மரியம் இலைகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தாள்.

அப்போது என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். மணியைப் பிடுங்கிக்கொண்டார். "தள்ளும்யா வண்டியை!" என்று பஸ் நிலையத்தைப் பார்த்து ஓடினார். கறைச் சட்டையோடு, தொண்டை கிழிய, "சுக்கு ஐஸ்! சளி பிடிக்காத ஐஸ்!" பக்கத்தில் நின்று பேசினாலே காதில் விழாத குரல் இவருடையது. காலையில் எங்களை ஏற்றி வந்த அதே கண்டக்டர் புறப்படப்போன பஸ்ஸை நிறுத்தினார். "என் வண்டிய நனைச்ச ஐஸாச்சே, நான் துன்னாம வுடுவனா?" ஜன்னல் ஜன்னலாகக் கைகள் நீண்டன. கடைசி இலையைக் கொடுத்துவிட்டு யூசுப் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

விற்காத பன்னைத்தான் நாலு பேரும் பகல் சாப்பாடாகச் சாப்பிட்டோம்.

மூன்று மணிக்கு எங்கள் பஸ். மணிலாவிலிருந்து கிளம்பியபோது இவர் கப்பல் தட்டில் நின்று, இனிமேல் அந்த ஐஸை எங்கே தின்னப் போகிறோம் என்று முகத்தைத் தொங்கப் போட்டார். இன்று மகாபலிபுரத்தை விட்டுக் கிளம்பும்போது, அடுத்த மகத்துக்கும் வந்தே தீர வேண்டும் என்று இவரே சொன்னார். எனக்கு வேறென்ன வேண்டும்?

விடைபெறப் போனபோது மரியம் இரும்புப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்த யூசுப்பின் சட்டைகளை எடுத்து வண்டிமேல் போட்டாள். மிஞ்சிய கல்லுப்பை, ஈரமும் நொதநொதப்புமாக, மூட்டையோடு தூக்கி அந்தப் பெட்டிக்குள் கொட்டினாள்.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, இரும்புப் பெட்டியம்மா! உப்புப் பட்டால் துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். அப்புறம் எதற்கும் உதவாது!"

மரியம் மூடியை அழுத்திச் சாத்தி அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"தெரியும் சார். அதுக்குத்தான் கொட்டினேன்."