பயத்துக்கு ஒரு ‘போயிட்டு வாங்க’

காலை ஆறு மணிக்குப் பல்லடத்தில் பொள்ளாச்சிப் பேருந்து கிளம்பியது. கையசைத்துவிட்டு என் மகன் கார்த்தி பைக்கை முறுக்கினான். போன வருஷம் அதே பைக்கிலிருந்து விழுந்துதான் காலை ஒடித்துக்கொண்டான். கால் கூடிவிட்டது, என் பயம்தான் போகவில்லை. அவன் வெளியே கிளம்பினால் போதும், போன் மேல் போன் போடுவேன். “இப்படியே பண்ணீங்கன்னா பெங்களூருக்கே வேலைக்குப் போயிப்போடுவனுங்கம்மா” என்றான் ஒருநாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அதனால்தான் வால்பாறையில் புதியவர்களுக்கு நடக்கும் மூன்று நாள் தியான வகுப்பில் சேர்ந்தேன். தறிகுடோன் நடத்துகிறவள் நான். பத்துத் தறியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஒரு மனசைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்ன!

எட்டு மணிக்குப் பொள்ளாச்சியில் வண்டி மாறினேன். வால்பாறைக்கு அறுபத்து நான்கு கிலோமீட்டர்; வழியில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறு தாண்டியதும் நடத்துநர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க அம்மணி, எஸ்டேட்டுல சொந்தக்காரங்க இருக்காங்களா?”

“இல்லீங்க. தியானம் கத்துக்கப் போறனுங்க.”

“அதுக்கு இவ்ளோ தூரமுங்களா? என்ற ஊட்டுக்காரி திட்டறப்ப நான் தெனமும் பண்றனுங்களே!”

பேருந்தே சிரித்தது. நானும்தான். வளைவு ஏற ஏற வெயில் விலகிக் குளிர் வந்தது. இரண்டு பக்கமும் தேயிலை, நடுவே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரிசையாக. பதினொன்றே காலுக்கு வால்பாறையில் இறங்கிப் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். சூடு தொண்டையில் இறங்கியதும் தைரியம் இரண்டு மடங்கானது.

வகுப்பு நடந்த பழைய பங்களாவில் நுழைந்ததும் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆசிரியை சென்னைப் பெண். என்னைவிட வயதில் இளையவர். “மூச்சைக் கவனிங்க. ஏதாவது எண்ணம் வந்தா, மனசுக்குள்ள ‘போ’ன்னு சொல்லிட்டு மறுபடியும் மூச்சுக்கு வந்துடுங்க” என்றார்.

கண்ணை மூடியதுதான் தாமதம், பைக் வந்தது, லாரி வந்தது, ஆஸ்பத்திரி வாசல் வந்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். போன வேகத்தில் திரும்பி வந்தன. மறுபடி சொன்னேன். மறுபடி வந்தன. சாயங்காலம் ஆசிரியையிடம் முறையிட்டேன்.

“எப்படிச் சொன்னீங்க?”

“போயிட்டு வாங்கன்னு சொன்னனுங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “வாங்கன்னு நீங்களே கூப்பிட்டா அது வராம என்ன செய்யும்?”

“அதுக்காக வெறும் ‘போ’ன்னு எப்படீங்க சொல்றது? எங்கூர்ல நாயைக்கூட அப்படிச் சொல்ல வாய் வராதுங்க.”

“அப்ப சொல்லாதீங்க” என்றார். “இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

மறுநாள் காலை ஆறு மணி. ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டம். பயம் வழக்கம்போல வந்தது. தறி ஓடும்போது விருந்தாளி வந்தால் எங்கள் பக்கத்தில் தறியை நிறுத்த மாட்டோம். “உக்காருங்க, வந்தர்றேனுங்க” என்று சொல்லிவிட்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்போம். பயத்திடமும் அதையே சொன்னேன். உட்காரட்டும், எனக்கு மூச்சு வேலை இருக்கிறது. மூச்சு அறுந்த இடத்தில் மறுபடி பிடித்தேன். திரும்ப அறுந்தது, திரும்பப் பிடித்தேன். பயம் எழுந்து போகவில்லை. ஆனால் என்னை எழுப்பவும் இல்லை. மணி அடித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பும் பேருந்தில் ஏறினேன். செல்போன் கைக்கு வந்திருந்தது. விரல் தானாகக் கார்த்தியின் பெயர்மேல் போனது. உக்காரு என்று விரலுக்கும் சொல்லிவிட்டு மலையைப் பார்த்தேன். பல்லடத்தில் இப்படிச் சும்மா உட்கார்ந்து எதையும் பார்த்த நினைவே எனக்கு இல்லை.

ஆழியாறு கண்ணில் படும் வளைவில் போன் அடித்தது.

“ஏனுங்கம்மா, வண்டி ஏறீட்டீங்களா? போன் கைக்குக் கெடச்சதும் கூப்புடுவீங்கன்னு மத்தியானத்துல இருந்து பாத்துட்டே இருக்கறனுங்க. வளைவெல்லாம் டிரைவர் நிதானமா ஓட்டறாருங்களா? சன்னலோரம் உக்காராதீங்க.”

“நல்லா இருக்கறன் கண்ணு. பெங்களூருக்குப் போறேன்னு சொன்னயே, எப்பப் போற? நீ தாராளமா போலாம்.”



“நீங்க மொதல்ல ஊடு வந்து சேருங்கம்மா” என்றான்.