நிறைந்தே திரும்பிய தண்ணீர் பாட்டில்

சூட்டில் வெந்த பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை உண்டு. பள்ளிக்கூட நாள்களின் மாலைகளில் அந்த வாசனையோடு வெதுவெதுப்பான தண்ணீரைத்தான் நான் குடித்தேன். திருநின்றவூரில் எங்கள் ஒற்றை அறை வாடகை வீட்டிலிருந்து காலையில் அம்மா நிரப்பிக்கொண்டு போகும் பச்சை பாட்டில், அம்பத்தூர் எஸ்டேட்டின் துணிக் கம்பெனியில் நாள் முழுக்க அவள் தையல் மெஷினுக்குக் கீழே இருந்துவிட்டு, கழுத்துவரை நிறைந்தபடியே திரும்பி வரும். அப்பா இல்லாத வீடு. அவள் வரும்வரை பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பேன். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், "தாகமில்ல புள்ள" என்பாள். அது பச்சைப் பொய்.

அந்தக் கம்பெனியில் ஒரு வரிசை மெஷின்களுக்கு ஒரே ஒரு 'டோக்கன்'. கழிப்பறைக்குப் போகிறவள் அதைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்க வேண்டும். அவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். கேட்கும்போதெல்லாம் அந்த ஆள், "இன்னாம்மா, ஊட்லயே முட்ச்சிக்கினு வர்றதில்ல?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பான். ஆகவே பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். நீர்க்கடுப்பு அங்கே ஜலதோஷம் மாதிரி சகஜம்.

அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சிறுமியாகவே கொழுந்துக் கூடை சுமந்து, பிறகு குடும்பத்தோடு கப்பலேறி வந்தவள். அரசாங்கம் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று கௌரவமாகப் பெயர் வைத்தது. எங்கள் தெரு 'சிலோன்காரி' என்றது. "ஒருத்தி கூடைய எறக்கி வச்சா மலையில இருக்கிற அத்தன பேரும் எறக்கி வைக்கணும், அதான் எங்க மொறை" என்று ஓயாமல் சொல்லுவாள். அந்த முறையை நம்பித்தான், சாப்பாட்டு வேளைகளில் வரிசைப் பெண்களிடம் பேசி, ஒரு திங்கட்கிழமை எல்லாரும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, தான் எழுந்ததும் டோக்கன் கேட்காமல் சேர்ந்து எழுவது என்று முடிவு செய்தாள்.

அவள் எழுந்தாள். அவள் மட்டும்தான் எழுந்தாள். ஒரு மெஷின்கூட நிற்கவில்லை என்று, அதே வரிசையில் தைத்த பக்கத்து வீட்டுச் செல்வியக்கா வெகுநாள் கழித்து எனக்குச் சொன்னாள். தோட்டத்தில் எல்லாரும் லயம் என்ற ஒரே நீள வரிசை வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்தவர்கள். ஒருத்தி வீட்டில் உலை கொதிக்காவிட்டால் பக்கத்து அறையில் சோறு கிடைக்கும். இங்கே ஒருத்தி திருவேற்காடு, ஒருத்தி திருமுல்லைவாயில், ஒருத்தி ஆவடி. வேலை போனால் அவரவர் பசி அவரவர் வீட்டோடு. இது அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை.

அன்றே அவளை வெளியே அனுப்பினார்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்தாள். வீட்டு வேலை செய்து பிழைத்துக்கொண்டு, மாலை தவறாமல் கம்பெனி கேட்டில் துண்டுப் பிரசுரத்தோடு நின்றாள். கூட வேலை செய்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவார்கள். செல்வியக்கா வீட்டிலிருந்து வரும் குழம்புக் கிண்ணமும் நின்றுபோனது. என்னோடு விளையாட வேண்டாமென்று அவள் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருந்தாள். விளக்கு வைத்த பிறகும் அம்மா வராத அந்த வீட்டில் எனக்கு அழுகை அழுகையாக வரும்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் செல்வியக்கா வாசலோடு நின்று சொன்னாள்: "யக்கா, டோக்கன எட்த்துட்டானுங்க. நீ கேட்டாண்ட நின்னுகினு கீறது துணி வாங்குற ஃபாரின் பார்ட்டிங்க காதுக்குப் பூட்ச்சாம். ஆனா உன்னிய மட்டும் திருப்பி எட்த்துக்க மாட்டானுங்களாம்."

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "எல்லாரும் தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறோம்க்கா."

செல்வியக்கா போனதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் ஜெயித்த நாள் அது. அவளை அத்தனை தனியாக நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

அந்தக் கம்பெனி இன்று இல்லை. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. அம்மா நின்ற கேட்டில் செக்யூரிட்டி உட்கார்ந்திருக்கிறார். செல்வியக்கா குடும்பம் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. அந்த நாள்களிலேயே நிறையத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும் என்று டாக்டர் இப்போது சொல்கிறார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மின்சார ரயிலில் திரும்பினோம். அம்பத்தூரில் வேலை முடிந்த பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். எதிரே உட்கார்ந்த ஒருத்தி பாட்டிலைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாக் குடிக்குது புள்ள" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். டாக்டர் இத்தனை குடிக்கலாம் என்று அளவு சொல்லியிருந்ததால் நானும் எங்கள் பாட்டிலை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வந்து சேர்ந்தபோது அது நிறைந்தபடியே இருந்தது.