வால்வுப் பெட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

எனக்கு வால்வுப் பெட்டி பிடிக்காது. அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. கித்தாரின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி போதும் என்று யாரோடு வேண்டுமானாலும் வாதாடுவேன். வால்வுதான் உசத்தி என்று கண்ணை மூடித் தலையாட்டுகிறவர்கள், ஒருநாளாவது அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் கோயில்வரை நடந்து பார்க்கட்டும். நான் நடந்திருக்கிறேன். ஒரு பக்கம் சித்தி பிடிப்பாள், மறுபக்கம் நான். அது முழங்காலில் இடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். விடிவதற்குமுன் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போவாள். சாயங்காலம் கித்தார் வாசிப்பாள். தோட்டத்துப் பாட்டுக் குழுவில் தபேலா, ஆர்மோனியம், பாடுகிறவர் எல்லாரும் ஆண்கள். கித்தார் மட்டும் சித்தி. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது கிளப்பில் விட்டுப்போன கித்தாரையும் வால்வுப் பெட்டியையும், கிளப்பில் சமையல் செய்த தாத்தா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். வேறு யாரும் தொடாததால் சித்தி தொட்டாள். வானொலியைக் கேட்டுக் கேட்டுத் தானாகவே கற்றுக்கொண்டாள். மேடையில் ஒரு பெண் நின்றுகொண்டு வாசிப்பதைப் பற்றி எங்கள் லயத்து வீடுகளில் பேசாத வாய் கிடையாது. சித்தி அந்த வாய்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது. அன்று ஆயுத பூசை. தோட்டத்துக்கு விடுமுறை. அப்பா தோட்டத்து லாரியை ஆற்றங்கரையில் கழுவிக்கொண்டிருந்தார். அம்மாவும் சித்தியும் குழாயடியில் இருந்தார்கள். வீட்டில் நான் மட்டும் இருந்தபோது மண்டோரின் மனைவி வந்தாள். மண்டோர் என்றால் தோட்டத்துக் கங்காணி, சும்மா இல்லை. யாருக்கு எந்த மரநிரை என்று பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். அவர்களுடைய மகன் அம்பாங்கான் டவுனில் ஒரு மின்சாரக் கடையில் வேலை பார்த்தான். அவனும் கித்தார் வாசிப்பான், மூன்று மெட்டு மட்டும் தெரியும்.

பின்னாலேயே அவன் ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். டிரான்சிஸ்டர். ஒற்றைக் கையால் தூக்கி வந்தான், அதிலேயே நான் மயங்கிவிட்டேன். அவன் அம்மா கையில் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். புதுப் பெட்டிக்குப் பூசை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"இந்தா பாப்பா, ரெண்டு கையாலயும் வாங்கிக்க," என்றாள் மண்டோரின் மனைவி. "ஒஞ் சித்தி இனிமே நம்ம வீட்டுப் பொண்ணு. இன்னிக்கு மேடையில என் மவன் வாசிப்பான். அவ பக்கத்துல ஒக்காந்து பாடுனா போதும்."

நல்ல பிள்ளையாக இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். அவர்கள் போனதும் ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றேன். அம்மாவும் சித்தியும் வாளியோடு திரும்புவதற்குள் லயம் முழுக்கச் செய்தி போய்விட்டிருந்தது. தட்டைக் கண்டதும் சித்தி வாளியை இறக்கி வைக்கக்கூட மறந்து நின்றாள். நான் பெருமையாக, "நான்தான் வாங்கினேன்," என்றேன்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருந்தது பலகைச் சுவர். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அதனால் அன்று அம்மாவும் சித்தியும் சண்டை போட்டது முழுக்கப் பெட்டிகளைப் பற்றித்தான்.

"பழச எத்தன நாளைக்குடி கட்டிக்கிட்டு அழுவ? புதுசு நல்லாத்தானே இருக்கு. சூடாவாது, பாரமில்ல, தட்டுனா ஒடனே பேசுது," என்றாள் அம்மா.

"அதான் வேணாங்கிறேன்கா. எவன் தட்டுனாலும் பேசும். கொஞ்சம் ஓங்கி அடிச்சா கர்ருனு ஒடஞ்சு போயிரும். என் பெட்டி அப்படி இல்லலா. ஓங்க ஓங்கத்தான் அதுக்குக் குரலே வருது."

"பெரிய எடம். ஒத்துப் போனா நாளைக்கி நல்லது."

"அந்த எடத்துல எனக்கு நிக்க எடமில்ல. ஒக்காரத்தான் எடம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. வெறும் நிற்பதற்கும் உட்காருவதற்கும் இவ்வளவு பேச்சா? நான் அம்மா கட்சி. புதுப் பெட்டிதான் வேண்டும் என்று குறுக்கே புகுந்து சொன்னேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆறு மணிக்குத் தோட்டத்து மின்சார எஞ்சின் ஓடத் தொடங்கி விளக்கெல்லாம் எரிந்தது. சித்தி வால்வுப் பெட்டியைப் போட்டு வைத்தாள். அது சூடேறினால்தான் வாயைத் திறக்கும். பூசைக்கு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம்: பால் வெட்டும் கத்திகள், வாளிகள், அப்பாவின் ஸ்பானர்கள், கித்தார், சித்தியின் பெட்டி. புதுப் பெட்டியையும் அம்மா வரிசையில் நகர்த்தி வைத்தாள். சந்தனம் குங்குமம் வைத்தது அம்மா. மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிக்கும் வேலை என்னுடையது.

கத்திக்குத் தெளித்தேன். கித்தாருக்குத் தெளித்தேன். வால்வுப் பெட்டிக்குப் பின்பலகை கிடையாது. உள்ளே கண்ணாடிக் குழாய்களாக வால்வுகள் சிவந்து கனிந்துகொண்டிருந்தன. அது சாமி விளக்குப்போல் தெரிந்ததால் அங்கே மட்டும் இரண்டு தெளி கூடுதலாகப் போட்டேன். டப் என்று ஒரு சத்தம். பெரிய வால்வு ஒன்றின் கண்ணாடி விரிசல் விட்டு, அதன் தலை பால்போல் வெளுத்துப்போனது. மின்சாரம் ஓடும் பெட்டியில் தண்ணீர் தெளித்த எனக்கு ஒன்றும் ஆகாதது அதிசயம் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரிந்தது சித்தியின் முகம் மட்டும்.

"பெட்டி ரோசாக், கெட்டுப்போச்சு. சாமியே வழி காட்டிருச்சு, புதுச எடுத்துக்கிட்டுப் போ," என்றாள் அம்மா. அப்பா ஸ்பானர்களை நேராக்கி வைத்தார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சித்தி பெட்டியை அணைத்தாள். ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பழந்துணியைச் சுற்றி, விரிசல் விட்ட வால்வை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். பெரிய வால்வு இரண்டில் இப்போது ஒன்றுதான் பாக்கி. மறுபடி போட்டாள். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அந்த ஒன்று மெல்லச் சிவந்தது. கம்பியைத் தட்டினாள். தொண்டை கட்டிய ஆள் பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது. சித்தி சிரித்தாள். எனக்குக் காசு கொடுத்து, தோட்டத்துக் கடைக்கு ஓடி ஒரு முழுச் சீப்பு வாழைப்பழம் வாங்கி வரச் சொன்னாள். ஒரு பழம் குறைந்ததற்கு எதற்கு முழுச் சீப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடினேன்.

அன்று கோயில் மேடையில் சித்தி நின்றுகொண்டுதான் வாசித்தாள். சத்தம் பாதிதான் வந்தது. தபேலாக்காரர் தட்டுவதைக் குறைத்தார், பாடுகிறவர் மைக்கை விட்டுத் தள்ளி நின்றார். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் நெருங்கி வந்தது. கரகரத்து, உறுமி, அறுந்துவிடும்போல் போய் அறாமல் நின்ற அந்தக் குரலை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. வால்வின் எதிரியான நானும் அதை ஒப்புக்கொள்கிறேன், அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்.

பாட்டு முடிந்ததும் சித்தி மேடையைவிட்டு இறங்கினாள். புதுப் பெட்டியை அப்பா தூக்கி வந்தார். சித்தி அதன்மேல் தட்டை வைத்து, எல்லாரும் பார்க்க மண்டோரின் மனைவி முன்னால் நின்றாள்.

"இந்தாங்க பெரியம்மா. சின்னப்புள்ள தெரியாம வாங்கிருச்சு. எதுவும் கொறையல, பாத்துக்குங்க. அண்ணன் பெட்டிய அண்ணனே வாசிக்கட்டும்."

மண்டோர் எழுந்து போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வால்வுப் பெட்டி வழக்கம்போல் என் முழங்காலை இடித்தது. எனக்கு ஒரு சந்தேகம். பிறந்ததிலிருந்து சித்தி அந்த அம்மாளை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"அத்தையப் போயி பெரியம்மான்னு தப்பாக் கூப்புட்டீங்க சித்தி," என்றேன்.

"ஆமா. இனிமே எப்பவும் தப்பாத்தான் கூப்புடுவேன்," என்றாள்.

அடுத்த மாதம் சித்திக்கு மேட்டு நிரை கொடுத்தார்கள். தோட்டத்திலேயே செங்குத்தான இடம். பால் வாளியோடு வழுக்கி விழுந்து காலெல்லாம் காயமாகத் திரும்புவாள். சாயங்காலம் அதே காலோடு நின்று வாசிப்பாள். முழுச் சீப்பு திருப்பிக் கொடுத்தும் மண்டோர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார், நான் தின்ற அந்த ஒரு பழத்துக்காகத்தான் சித்திக்கு இந்தத் தண்டனை என்று நம்பினேன். யாரிடமும் சொல்லாமல், ஒரு வருடம் வாழைப்பழத்தைத் தொடாமலே இருந்தேன்.