கோட்டு போட்ட லாரி

நாரின் நகரத்து லாரிக்காரர் ஓமுர்குலுக்குத் தெரிந்த வண்டி வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். எது தொல்லை கொடுக்கிறதோ அதைக் கழற்றிவிடுவது. அவருடைய சோவியத் காலத்து நீல லாரியில் ஹாரன் கிடையாது. ஓயாமல் அலறியது, கழற்றிவிட்டார். ஒரு பக்கக் கண்ணாடி ஆடியது, அதுவும் போயிற்று. போன ஜூலையில் டோலோன் கணவாய் ஏறும்போது இன்ஜின் கொதித்தது. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். அப்புறம் கோடை முழுக்க வண்டி கொதிக்கவே இல்லை என்று சந்தையில் பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

ஜனவரியில் வந்தது வினை. மகனுக்குப் பக்கத்து ஊரான அட்-பாஷியில் பெண் பேசியிருந்தது. பெண்ணுக்கு நெஞ்சுச் சளி, குளிர் ஆகாது என்று அவள் அம்மா உல்கானுக்குக் கவலை. மாப்பிள்ளை வீடு கதகதப்பாக இருக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கல்யாண நாள் குறிப்பேன் என்று சொல்லிவிட்டார். அவரை அழைத்துவர ஓமுர்குல் லாரியோடு போனார்.

தண்ணீர் சூடேறும்வரை அதை இன்ஜினுக்குள்ளேயே பிடித்துவைக்கும் தெர்மோஸ்டாட் பள்ளத்தில் கிடந்தது. தண்ணீர் நேரே ரேடியேட்டருக்குப் போய், பனிக்காற்று வாங்கிக்கொண்டு திரும்பியது. சூடு காட்டும் முள் படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. ஹீட்டரைத் திருகினால் ஐஸ்பெட்டியைத் திறந்தமாதிரி இருந்தது. திரும்பும் வழியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உல்கானின் மூச்சு கண்ணாடியின் உட்புறத்தில் உறைந்தது.

"இதோ சூடாயிடும், சம்பந்தி."

"ஊரைத் தாண்டும்போதும் இதையேதான் சொன்னீங்க."

"பழைய வண்டி. கொஞ்சம் நிதானமாத்தான் ஓடும்."

"என் பல்லு உங்க வண்டியைவிட வேகமா ஓடுது."

அட்-பாஷிக்கும் நாரினுக்கும் நடுவிலுள்ள கணவாயின் உச்சியில் ஓமுர்குல் வண்டியை நிறுத்தி உண்மையை ஒப்புக்கொண்டார். உல்கான் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்லயும் ஏதாவது கழட்டிப் போட்டிருக்கீங்களா?"

ஓமுர்குல் இறங்கினார். தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி ரேடியேட்டருக்கு முன்னால் போர்த்தி, அதன் கைகளை இழுத்து முடிச்சுப் போட்டார். இறக்கத்தில் முள் மெல்ல அசைந்தது. உல்கானின் கால்மாட்டில் வெதுவெதுப்பு வந்தது. ஸ்வெட்டரோடு நடுங்கிய ஓமுர்குலின் கையில் ஸ்டியரிங்கும் சேர்ந்து நடுங்கியது.

"இந்தாங்க, பிடிங்க. நீங்க விறைச்சுப் போனா வண்டிய யாரு ஓட்டறது?" என்று உல்கான் தன் ரோஜாப்பூ போட்ட பெரிய சால்வையைக் கொடுத்தார். ஓமுர்குல் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டார்.

லாரி வாசலில் வந்து நின்றபோது மனைவி காலிச்சா எட்டிப் பார்த்தார். "ஒரு சம்பந்தியம்மாதானே வர்றதா இருந்துது?"

சால்வைக்குள்ளிருந்து மீசை எட்டிப் பார்த்ததும் காலிச்சா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

உள்ளே அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. காலிச்சா விடியற்காலையிலிருந்து நிலக்கரியை அள்ளிப் போட்டிருந்தார். உல்கான் கோட்டைக் கழற்றினார். பிறகு ஸ்வெட்டரை. முகம் சிவந்து வியர்க்க, ஜன்னலோரம் கையை வைத்துப் பார்த்தார், கதவை ஆட்டிப் பார்த்தார், அடுப்பின் புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாம் அதது இடத்துல இருக்கே."

"வீட்டுக்குள்ள ஒரு ஆணியையும் நான் அவரைத் தொட விடறதில்ல," என்றார் காலிச்சா.

உல்கான் முதன்முறையாகச் சிரித்தார். காலியான தேநீர்க் கிண்ணத்தை இன்னும் ஊற்றச் சொல்லி நீட்டினார்.

"அப்ப கல்யாணத்தை மார்ச்சுல வெச்சுக்கலாம்."

ஓமுர்குல் அடுப்போரத்திலிருந்து துள்ளி எழுந்தார். "நானே லாரியை ஜோடிச்சு எடுத்துட்டு வந்து பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன், சம்பந்தி."

"வேண்டாம். பொண்ணு பஸ்ல வருவா."